கராஜ் ஒன்றுக்கும் அனுமதி வேண்டுமா? ஆம், வேண்டும். ஆனால்...



நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள். திட்ட நினைப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

வீட்டு வளவில் கார் நிறுத்துவதற்கு ஒரு சின்னக் கராஜ் கட்ட நினைத்தேன். வீட்டோடு ஒட்டியல்ல, தனியாக. வீட்டோடு ஒட்டிப் போட்டால் உம்மாவின் அறை ஜன்னல் அடைபடும். கடலுக்குக் கிட்டிய ஊர், உப்புக் காற்று. லீசிங் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கும் காரின் கதவடியில் இப்போதே துரு பிடித்துவிட்டது. மழை நாளில் உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போவதென்றால், நான் குடை பிடிக்க மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிவர, மூன்று பேரும் நனைந்துதான் காரில் ஏறுகிறோம். அதனால்தான் இந்தக் கராஜ். 12 அடிக்கு 20 அடி, மொத்தம் 240 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் காணி என்பது 272 சதுர அடி. அந்த ஒரு பேர்ச்சஸ் கூட இல்லை.

இதற்கு சபையில் கட்டிட அனுமதி எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

மேசன் பாஸ் சிரித்தார். "என்ன சேர் நீங்க, தகரத்துக்கெல்லாம் பெமிஷனா? வெள்ளி, சனி ரெண்டு நாள் தாங்க, ஞாயிறு காரை உள்ளுக்கு விடலாம்."

மச்சான் சிரித்தார். "படிச்சாக்களுக்குத்தான் இப்படி வேலையில்லாத வேலையெல்லாம் தோணும்."

பள்ளிவாசலில் பக்கத்தில் தொழும் ஒரு காக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அனுதாபத்தோடு என் தோளில் தட்டினார். அதுதான் அதிகமாக வலித்தது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் 1915ஆம் ஆண்டிலிருந்து ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், 19ஆம் இலக்கம். அதில் 'கட்டிடம்' என்றால் வீடு மட்டுமல்ல. குடிசை, ஷெட், கூரை போட்ட அடைப்பு எல்லாம் அதற்குள் வரும். மனிதர் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். பிறகு 1978இல் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. அபிவிருத்திப் பிரதேசம் என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அந்தச் சட்டத்தின் கீழும் அனுமதி வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். என் வீடு அந்த எல்லைக்கு வெளியே, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே "தகரத்துக்கெல்லாம் பெமிஷனா?" என்ற கேள்விக்குப் பதில்: ஆம், தகரத்துக்கும்தான்.

தரம் 10 பிள்ளைகளுக்கு நான் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். உள்ளூராட்சி மன்றங்களின் பணிகள் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து, இரண்டு நாளில் களவாகத் தகரம் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சபைக்குப் போனேன்.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதத் தேவையுமில்லை. வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் இது தங்கள் ஊர்ச் சபையைத்தான் ஞாபகப்படுத்தும்.

முதல் தடவை போனபோது, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டேன். "உறுதியைக் கொண்டுவாங்க" என்றார்கள். இரண்டாவது தடவை உறுதியோடு போனேன். "நில அளவைப் படம் எங்க?" மூன்றாவது தடவை அதோடு போனேன். "சோலைவரி கட்டின ரசீது வேணுமே." நான்காவது தடவை ரசீதோடு போனேன். "இந்தப் படம் சரிவராது, தகுதியுள்ள படவரைஞர் கீறி ஒப்பம் வைக்கணும்." முதல் நாளே இந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தால் மூன்று அரைநாள் லீவு எனக்கு மிச்சம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறேழு பாடவேளைகள் மிச்சம்.

ஐந்தாவது தடவை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். விண்ணப்பத்தில் 'கராஜ்' என்று எழுதியிருந்தேன். நம் ஊர்களில் கராஜ் என்றால் வாகனம் திருத்தும் இடமல்லவா? என் கோவை இரண்டு கிழமை வேறொரு மேசையில் தூங்கியிருக்கிறது. "சேர், நீங்க வியாபார அனுமதிப்பத்திரத்துக்கும் விண்ணப்பிக்கணுமே" என்றார் அந்த உத்தியோகத்தர். நான் ரிப்பயர் கடை போடவில்லை, என் காரை நிறுத்தத்தான் இடம் கேட்கிறேன் என்று விளக்கினேன். "அப்ப வாகனத் தரிப்பிடம் என்டு எழுதியிருக்கணும்." சரி, பிழை என்னுடையதுதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமே! என் இலக்கம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

ஆறாவது தடவை வெளியே வரும்போது ஒருவர் பின்னாலேயே வந்தார். சபை ஊழியரல்ல, ஆனால் சபைக்குள் எல்லா மேசையும் தெரிந்தவர். "சேர், ஏன் இந்த வெயிலுக்க அலையறீங்க? ஒரு கவர் தாங்க. அடுத்த கிழமை வீட்டுக்கே வரும்."

நான் ஒன்றும் வீரவசனம் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வீடு வந்து சேரும்வரை மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. இன்னும் எத்தனை லீவு, இன்னும் எவ்வளவு பெற்றோல், அந்தக் கவரில் எவ்வளவு. கணக்கில் கவர்தான் மலிவு. நல்ல மனிதர்கள் எப்படி வழுக்குகிறார்கள் என்பது அன்று எனக்குப் புரிந்தது. ஹராம் என்று தெரியாமல் யாரும் கொடுப்பதில்லை. அலைந்து களைத்துப்போய்த்தான் கொடுக்கிறார்கள். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் இந்த நாட்டின் சட்டத்தில் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்.

இதுவரை வாசித்துவிட்டு, "பார்த்தீங்களா, அதுக்குத்தான் நாங்க பெமிஷன் எடுக்கிறதில்ல" என்று கொமென்ட் எழுதத் தொடங்கியிருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

ஏழாவது தடவை நான் போகவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் என் வளவுக்கு வந்தார். இளம் வயதுக்காரர். நான் கராஜுக்குக் குறித்திருந்த பின்மூலையில் போய் நின்றார். நிலத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். மதிலின் அடியில் இருக்கும் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார்.

"சேர், மழைக்கு தண்ணி இதாலதானே போகுது?"

ஆமாம். என் வளவுத் தண்ணீர் மட்டுமல்ல, எனக்கு மேற்கே இருக்கும் இரண்டு வளவுகளின் தண்ணீரும் அந்த மூலையால்தான் இறங்கி வீதிக் கானுக்குப் போகிறது. வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அந்த இடத்தில் 12 அடிக்கு 20 அடி கொங்கிறீட் தளம் போட்டு உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

பின்வளவு ராத்தாவின் வீட்டுக்குள் போகும். கணவரை இழந்தவர். தையல் மெஷின்தான் அவருடைய வருமானம். 2024 நவம்பர் மழையில் அவருடைய வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மெஷினைத் தூக்கி மேசைக்கு மேல் வைக்க நானும்தான் போனேன். சோற்றுப் பார்சலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஏதோ பெரிய நன்மை செய்துவிட்ட நினைப்பு. ஆனால் முன்பெல்லாம் வராத தண்ணீர் இப்போது ஏன் வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. அவருடைய வளவுக்கு மறுபக்கத்தில் ஒருவர் சமையலறை இழுத்துக் கட்டினார். இன்னொருவர் மதிலை நிலத்தோடு சேர்த்து அடைத்தார். இரண்டும் அனுமதி இல்லாத வேலை. மிச்சமிருந்த ஒரே வழி என் பின்மூலை. அதையும் நான் கொங்கிறீட் போட்டு மூடப் பார்த்தேன்!

மேசன் பாஸின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கார் நிழலில் நின்றிருக்கும். அடுத்த மாரியில் ராத்தாவின் மெஷின் தண்ணீரில் நின்றிருக்கும். நான் திரும்பவும் சோற்றுப் பார்சல் கொண்டுபோயிருப்பேன். அவரும் "அல்லாஹ் உங்களுக்கு நல்லருள் செய்யட்டும்" என்று துஆ செய்திருப்பார். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அயலவரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கறி சமைத்தால் அயல்வீட்டுக்குக் கொடுப்பது நமக்குத் தெரியும். பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பத் தெரியும். தண்ணீர் போகும் வழியை விட்டுவைப்பதும் அதே ஹக்தான் என்பது மட்டும் ஏன் நமக்குத் தெரிவதில்லை?

"எங்கட காணி, எங்கட இஷ்டம்" என்பார்கள். காணி உங்களுடையதுதான். ஆனால் மழைத் தண்ணீருக்கு உங்கள் உறுதியை வாசிக்கத் தெரியாது. அது பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும்.

"எல்லாரும் கட்டித்தானே இரிக்காங்க" என்பார்கள். ஆமாம், எல்லோரும் கட்டியிருப்பதால்தான் எல்லோருடைய வீட்டிலும் தண்ணீர். நமது ஊர்களில் காணி அரை ஏக்கராக இருந்த காலம் போய்விட்டது. சீதனம், பங்கு என்று பிரிந்து பிரிந்து ஆறு பேர்ச்சஸ், எட்டு பேர்ச்சஸ் என்று வந்து நிற்கிறோம். நெருக்கமாக வாழ்பவர்களுக்குத்தான் எல்லைக் கோடு அதிகம் தேவை.

"பெரியாக்கள் கட்டுறதை சபை பாக்குதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதைச் சபையிடம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் பெரியவர் கானை மூடினார் என்பதற்காக நான் அயல்வீட்டு விதவையின் வீட்டுக்குள் தண்ணீர் விடலாமா?

இந்தக் கோடுகளை நாம் ஏன் மதிப்பதில்லை என்பதற்கு ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் அரசாங்கம் ஒரு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக் கூடாது. ஏன் நமக்கு 200, அவர்களுக்கு 100 என்று கேட்ட மக்களுக்கு விளங்கும்படி யாரும் பதில் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்கள் கொட்டில்களில் காத்திருந்தன. பிறகு அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. கொஞ்சக் காலம் பொறுத்திருந்தால் கோடு தானாக அழியும் என்று அன்று நம் ஊர் படித்துக்கொண்டது. காரணம் சொல்லாமல் கோடு போட்டவர்களும், காரணம் சொல்லாமல் அதை அழித்தவர்களும் சேர்ந்து படிப்பித்த பாடம் அது.

என் விஷயத்திலும் நடந்தது அதுதான். விதி சரியானது. அதைச் சொன்ன விதம்தான் பிழை. "பின்மூலையில் கட்டாதீங்க, அது தண்ணி போற வழி" என்ற ஒரு வசனத்தை நான் கேட்பதற்கு நான்கு மாதமும் ஆறு அலைச்சலும் ஒரு கவர் பேரமும் தேவைப்பட்டன. இத்தனை அலைச்சலைத் தாங்காத ஒருவர் அந்த வசனத்தைக் கேட்காமலேயே கட்டிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அனுமதி எடுப்பதைக் கஷ்டமாக்கி, எடுக்காமல் கட்டுவதை இலகுவாக்கி வைத்திருக்கும் சபைதான் இந்த ஊரில் சட்டவிரோதக் கட்டிடங்களை வளர்க்கிறது. பிறகு மாரி வந்ததும் அதே சபை பெக்கோ மெஷினை அனுப்பிக் கானைத் தோண்டுகிறது. அதைப் படமெடுத்து முகநூலில் போடுகிறார்கள். நாமும் லைக் போடுகிறோம்.

2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, கேள்வி கேட்கவும் ஓர் உறுப்பினர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வட்டாரத்தில் வீடு வீடாக வந்து சலாம் சொல்லி வாக்குக் கேட்டவர்கள்தான். அவர்களிடம் கேட்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, காசு செலவாகும் வேலையும் அதிகமில்லை.

1. கட்டிட அனுமதிக்கு என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதை விளங்கும் தமிழில் எழுதிச் சபை வாசலில் ஒட்டுங்கள். ஒரு தாள் போதும்.

2. விண்ணப்பத்தை ஏற்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டு கொடுங்கள். அடுத்தது எந்த மேசை என்றும் அதில் எழுதுங்கள்.

3. மறுப்பதென்றால் எழுத்தில் மறுங்கள். எந்த விதிப்படி என்று ஒரு வரி சேருங்கள். வாயால் சொன்ன மறுப்புக்குப் பின்னால்தான் கவர்க்காரர் நிற்கிறார்.

4. ஊரின் தண்ணீர் வழிகளை ஒரு வரைபடமாக்கி எல்லோருக்கும் காட்டுங்கள். மேசன்மார் எல்லோரையும் ஒரு நாள் கூப்பிட்டு அதை விளக்குங்கள். நம் ஊரில் வீட்டுக்காரரைவிட மேசன் பாஸின் பேச்சுத்தான் எடுபடும்.

5. கார் நிறுத்துமிடம் போன்ற சின்ன வேலைகளுக்கு இரண்டு மூன்று மாதிரிப் படங்களைச் சபையே கீறி வைக்கட்டும். இடத்தை மட்டும் வந்து பார்த்துவிட்டு ஒரு கிழமையில் முடிவு சொல்லலாம். இதற்கு மேலிடத்தின் இணக்கம் தேவையென்றால் அதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

சபை இதையெல்லாம் செய்யாவிட்டால் நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் விண்ணப்பம் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கவர் கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

நமக்கும் ஒரு வார்த்தை. அனுமதி எடுக்காமல் கட்டியதை நானாமார் சபையில் உட்கார்ந்து வீரமாகப் பேசாதீர்கள். அந்தக் கட்டிடத்தை நாளை மகளுக்குக் கொடுக்கப்போகிறீர்கள். வங்கிக் கடனுக்குப் போனால் அங்கீகரித்த படத்தைக் கேட்பார்கள். விஷயம் நீதவான் நீதிமன்றம்வரை போனால் இடிக்கும் கட்டளையும் வரலாம். அப்போது அலையப்போவது உங்கள் மருமகன். அனுமதி எடுக்க அலைபவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். அவர் உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அலைகிறார்.

என் கராஜ் என்னவானது என்று கேட்பீர்கள். இடத்தை மாற்றி, முன்பக்கத்தில் வேலியோரமாகக் குறித்து, படத்தைத் திரும்பக் கீறிக் கொடுத்திருக்கிறேன். படவரைஞருக்கு இரண்டாவது தடவையும் காசு போனது. பதில் இன்னும் வரவில்லை. கார் மழையில்தான் நிற்கிறது. உம்மா நேற்றும் நனைந்துதான் கிளினிக்குக்குப் போனா.

மதிலின் அடியில் இருக்கும் அந்த இரண்டு ஓட்டைகளிலும் சருகு அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகனும் நானும் மண்வெட்டியால் சுரண்டித் துப்புரவாக்கினோம். மாரி தொடங்க முன்னர் நீங்களும் உங்கள் வளவைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். உங்கள் தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் போகிறது என்று பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் அயலவரின் ஹக்கைப் பேணி வாழும் பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

(பகிர்வதற்கு என்னிடம் கேட்கத் தேவையில்லை. உங்கள் வட்டார உறுப்பினரையும் டெக் பண்ணுங்கள்.)